எந்த அண்ணா? இரண்டு லோயர் ஒப்பீஸ்களுக்கு என் மதிப்பெண்

லண்டனில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்ட கேஸுக்காக நான் இரண்டு லோயர் ஒப்பீஸ்களின் படி ஏறியிருக்கிறேன். முதலாவதுக்கு 1,800 பவுண்ஸ் கொடுத்தேன். இரண்டாவதுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. கொத்துரொட்டியில் உப்புக் கூடினாலே கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிற சனம் நாங்கள். ஆனால் லோயர்மாரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டோம். "கேஸ் விசயம் வெளியில கதைக்கக் கூடாது" என்று வந்த நாளிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். எனக்கு 2024 ஜூலையில் விசா கிடைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டின் பெயரும் போடமாட்டேன். முதலாவதைப் போட்டால் எனக்கு லோயர் கடிதம் வரும். இரண்டாவதைப் போட்டால் நாளைக்கே வாசலில் வரிசை நிற்கும். இருக்கிற ஆட்களைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கிளிநொச்சி. முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்களே, அந்தக் கொட்டிலில் அண்ணாவின் படத்தோடு நானும் இருந்தேன். பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2020இல் ஒருநாள் கொண்டுபோனார்கள். மாமா காசு கட்டி எடுத்தார். 2021 செப்டெம்பரில் மாணவர் விசாவில் இங்கே வந்தேன், 2022 ஜனவரியில் அசைலம் கேட்டேன். இதற்கு மேல் என் கதை இங்கே தேவையில்லை. இது லோயர் ஒப்பீஸ்களைப் பற்றிய எழுத்து.

முதலாவது, கிழக்கு லண்டனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல் மாடியில். படி ஏறும்போதே கருவேப்பிலை வாசம் வரும். உள்ளே பிள்ளையார் படம், மீன் தொட்டி, கண்ணாடி போட்ட இரண்டு சான்றிதழ். சான்றிதழில் இருந்த பெயர் வேறு ஆளுடையது என்று எனக்கு ஒரு வருசம் கழித்துத்தான் விளங்கியது. எங்களோடு கதைத்த அண்ணை லோயரே இல்லை. கேஸ் பார்க்கிறவர். இந்த நாட்டில் 1999 சட்டத்தின்படி, பதிவு இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வதே குற்றம். சொலிசிட்டர் மாதிரி அங்கீகாரம் உள்ள சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது ஓ.ஐ.எஸ்.சி. (2025 முதல் ஐ.ஏ.ஏ. என்று பெயர்) என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதிலும் அசைலம் கேஸ் பார்க்க இரண்டாம் படிநிலை வேண்டும். அந்த அண்ணைக்குப் பதிவு இருந்ததோ இல்லையோ, நான் கேட்கவில்லை. எங்கட ஆள், எங்கட பாசை, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி" என்று தேத்தண்ணி தந்தார். அது போதுமாக இருந்தது.

முதல் நாள் 40 நிமிடம் இருந்தேன். அதில் பத்து நிமிடம் காசுக் கதை. 600, 600, 600 என்று மூன்று தவணை, கையில். பற்றுச்சீட்டு இல்லை. மிச்ச நேரத்தில் அவர் கேட்டதைவிடச் சொன்னதுதான் கூட. "எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் தங்கச்சி. பிடிச்சது, அடிச்சது, காசு குடுத்து வெளியில வந்தது. நான் வடிவா எழுதுவன்." அவர் கணினியில் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் இருந்தது. அதில் என் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டேன். ஒரு இடத்தில் "என் மனைவி" என்று இருந்ததை அழித்தார். சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிரட்டுகிறது.

அதோடு ஒரு புத்திமதியும் சொன்னார்: நவம்பர் 27 மாவீரர் நாளுக்குப் போய்ப் புலிக்கொடியோடு நின்று நாலு படம் எடுத்து வையுங்கோ. புலிகள் அமைப்பு 2001 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது, அந்தக் கொடியைப் பிடிப்பதே வழக்காகலாம் என்று அவர் சொல்லவில்லை. இலங்கையர் கேஸ்களுக்கு வழிகாட்டியாக இருக்கிற கே.கே., ஆர்.எஸ். என்ற 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றியும் மூச்சு விடவில்லை. சும்மா கூட்டத்தில் போய் நின்றது பெரிதாக உதவாது, ஒருவருக்கு அந்தச் செயற்பாட்டில் எவ்வளவு பங்கு, இலங்கை அரசு அவரை எப்படிப் பார்க்கும் என்பதைத்தான் அதில் நீதிமன்றம் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நான் போகவில்லை. குளிர். அதுதான் உண்மையான காரணம்.

அசைலம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் லோயர் எங்கே உதவ வேண்டும், எங்கே கைவிட்டார் என்பது விளங்கும்.

நாட்டுக்குள் இருந்து கேட்பவர்கள் குரொய்டனில் இருக்கிற லூனர் ஹவுஸுக்குப் போக வேண்டும். கைரேகை, படம், பிறகு ஸ்கிரீனிங் என்ற முதல் நேர்காணல். பெயர், குடும்பம், வந்த பாதை எல்லாம் கேட்பார்கள். திரும்பிப் போக ஏன் ஏலாது என்ற கேள்விக்கு "சுருக்கமாக" என்று சொல்லித்தான் பதில் கேட்பார்கள். நாங்களும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வருவோம். ஆனால் அந்தச் சுருக்கமான தாள் கேஸ் முடியும்வரை கூடவே வரும். பிறகு எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் அந்த நாலு வரியோடு வைத்து ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணை சொன்னது ஒன்றே ஒன்று: "போய்ச் சைன் வைச்சிட்டு வாங்கோ."

சைன் வைத்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சடித்த ஒரு பிளாஸ்ரிக் அட்டை வந்தது. பிறகு காத்திருப்பு. நான் சித்தியின் மகள் வீட்டில் இருந்தபடியால் இருக்க இடம் கேட்கவில்லை, சாப்பாட்டுக் காசு மட்டும் கேட்டேன். அப்போது கிழமைக்கு 40.85 பவுண்ஸ். 2024இல் அது 49.18 ஆகியது. ஆஸ்பென் என்ற அட்டையில் போடுவார்கள். பஸ், போன், சாப்பாடு, குளிர்ச் சப்பாத்து எல்லாம் அதற்குள். இதில் இருந்துகொண்டு 1,800 எப்படிக் கட்டினாய் என்று கேட்பீர்கள். இரண்டு சங்கிலி. அம்மாவுடையது.

அந்த நேரம், ஒரு வருசமாகியும் முடிவு வராவிட்டால், தட்டுப்பாடான தொழில்கள் என்று அரசு வைத்திருந்த பட்டியலில் உள்ள வேலைகளுக்கு அனுமதி கேட்டு எழுதக்கூடியதாக இருந்தது. 2022 பெப்ரவரியில் முதியோரைப் பராமரிக்கிற வேலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதாவது 2023 ஜனவரியில் நான் கேட்டிருக்கலாம். அந்த மாசம் மூன்றாவது தவணை கொடுக்க அந்தப் படி ஏறியவள் நான். எண்ணி வாங்கினார். இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

2023 மார்ச்சில் பெரிய இன்ரவியூ. நாலரை மணித்தியாலம், வீடியோவில். பெண் அலுவலரும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம், கேட்டேன், தந்தார்கள். மொழிபெயர்த்தவ தமிழ்நாட்டைச் சேர்ந்தவ. நல்ல மனிசி, இடையில் நான் அழுதபோது தண்ணி குடிக்கச் சொன்னா. ஆனால் அவவுடைய தமிழும் என்னுடைய தமிழும் ஒரே வண்டில் பூட்டிய இரண்டு மாடுகள் இரண்டு பக்கம் இழுத்த மாதிரி. "சி.ஐ.டி. ஆள் என்னைப் பேசினவன்" என்றேன். எங்களுக்குப் பேசினது என்றால் ஏசினது, தூசணத்தால் திட்டினது. அவவுக்குப் பேசினது என்றால் உரையாடினது. "அவர் என்னோடு உரையாடினார்" என்று ஆங்கிலத்தில் போயிற்று. அலுவலர் உடனே கேட்டா, எதைப் பற்றி உரையாடினார்? நான் திகைத்துப்போய், "கன விசயம்" என்றேன். இதை வாசிக்கிற ஒருவர் என்ன நினைப்பார்? காவலில் இருந்தவள் சி.ஐ.டி.காரரோடு கன விசயம் உரையாடியிருக்கிறாள்!

இன்ரவியூவின் எழுத்துப் படி பிறகு லோயருக்கு வரும். அதை வாசித்துப் பார்த்து, பிழைகளைத் திருத்தி அனுப்பச் சில நாள் தருவார்கள். ஒரு லோயர் ஒப்பீஸ் தன் கூலிக்கு வேலை செய்கிற இடம் இதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த அண்ணை எனக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. வந்ததென்றே சொல்லவில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்தபோதுதான் அப்படி ஒரு படி இருக்கிறதென்றே அறிந்தேன்.

2023 ஜூலையில் றிஜெக்ற். ஒன்பது பக்கம். தமிழ் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். கிளிநொச்சி என்பதை ஏற்றுக்கொண்டார்கள். பிடிபட்டதை ஏற்கவில்லை. மூன்று காரணம் முக்கியமாக இருந்தது. ஒன்று, வந்து நாலு மாசம் கழித்துத்தான் அசைலம் கேட்டேன். அதை நம்பகத்தன்மைக்குக் குறைவாகக் கணக்கெடுத்தார்கள். இரண்டு, பிடித்த மாசம் வாக்குமூலத்தில் ஒக்டோபர், இன்ரவியூவில் நவம்பர். மூன்றாவதுதான் என்னை விழுத்தியது. ஸ்கிரீனிங்கில் "அண்ணா இயக்கத்தில் இருந்தவர், 2009இல் காணாமல் போனவர்" என்றேன். ஆங்கிலத்தில் பிறதர். அதே தாளில் குடும்ப விபரத்தில் சகோதரர்: ஒருவர், தம்பி, கட்டாரில். இன்ரவியூவிலோ அண்ணா "பெரியம்மாவின் மகன்". அப்படியென்றால் இல்லாத ஒரு அண்ணாவை நான் கேஸுக்காக உண்டாக்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்கள்.

ஸ்கிரீனிங்கில் மொழிபெயர்த்தவர் பிழை விடவில்லை. நான் அண்ணா என்றேன், அவர் பிறதர் என்றார். வேறு எப்படிச் சொல்ல? பெரியம்மாவின் மகனை நான் பிறந்த நாளில் இருந்து அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். "தாயின் தமக்கையின் மகன்" என்று கூப்பிட்டிருந்தால் அவனே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பான்.

கடிதத்தைக் கொண்டு மாடி ஏறினேன். அண்ணை இரண்டு பக்கம் புரட்டினார். "இது பிரச்சினை இல்லைத் தங்கச்சி, அப்பீலில வெல்லுவம். 2,500. கோட் பீஸ் 140 தனி." அந்த 140ம் எனக்குக் கட்டத் தேவையில்லாதது. அரச உதவிக் காசில் இருப்பவர்களுக்கு விலக்கு. அதுவும் பிறகு தெரிந்ததுதான்.

நட்சத்திரம்: ஒன்று. அது தேத்தண்ணிக்கு. உண்மையிலேயே நல்ல தேத்தண்ணி.

அப்பீலுக்கு 14 நாள்தான். அதில் மூன்று நாள் கட்டிலில் கிடந்தேன். நாலாம் நாள் ஈஸ்ற்ஹாம் நூலகத்தில் இலவச இணையத்துக்காக இருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு சோமாலியப் பெண், என்ன கடிதம் என்று கேட்டா. காட்டினேன். "லீகல் எயிட்" என்றா. அரசாங்கமே லோயருக்குக் காசு கொடுக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று ஒன்றரை வருசத்துக்குப் பிறகு நூலகத்தில் ஒரு முகம் தெரியாத பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அரச இணையத்தளத்தில் தபால் குறியீட்டைப் போட்டால் லீகல் எயிட் ஒப்பந்தம் உள்ள ஒப்பீஸ்கள் வரும். என் மாதிரி உதவிக் காசில் இருப்பவர்களுக்கு வருமானச் சோதனை தானாகவே சரி. அப்பீலுக்கு மட்டும், கேஸ் வெல்ல வாய்ப்பு இருக்கிறதா என்று லோயர் பார்க்க வேண்டும்.

பட்டியல் வந்தது. 19 இடத்துக்குப் போன் அடித்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: இப்போது புதுக் கேஸ் எடுக்க ஏலாது. அவர்களையும் பேசிப் பயனில்லை, அதாவது ஏசிப் பயனில்லை. அந்த நேரம் லீகல் எயிட் கட்டணம் 1996க்குப் பிறகு கூடியிருக்கவில்லை. 2011இல் 10 சதவீதம் வெட்டியும் விட்டார்கள். அந்தக் காசுக்கு லண்டனில் ஒரு ஒப்பீஸுக்கு வாடகை கட்டிப் பாருங்கள். இருபதாவது இடம், தேம்ஸுக்குத் தெற்கே. ஒன்பதாம் நாள். போன் எடுத்த பெடியன், "றிஜெக்ற் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றான். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் அப்பீல் போட்டாயிற்று.

அந்த ஒப்பீஸைப் பற்றி முதலில் குறைகளைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதினது மாதிரி இருக்கும். போன் எடுக்கமாட்டார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒன்பது நாள் எடுத்ததும் உண்டு. காத்திருக்கும் அறையில் ஹீற்றர் வேலை செய்யாது, கோட்டைக் கழற்றாமல் இருங்கள். தேத்தண்ணி கிடையாது. என் கேஸைப் பார்த்த பெடியன் பாதியில் வேலையை விட்டுப் போனான், அடுத்தவருக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கிழமை நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. கோட்டில் எனக்காக வாதாடிய பரிஸ்ரரை நேரில் கண்டது வழக்குக்கு முன் வெறும் 35 நிமிடம்.

சொலிசிட்டர் ஒரு நைஜீரிய வழிவந்த பெண். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கமாட்டா. முதல் சந்திப்பில் "உங்கள் கேஸ் வெல்லும் என்று நான் சொல்லமாட்டேன்" என்றா. எனக்குக் கோபம் வந்தது. வெல்லும் என்று சொன்னவருக்கு 1,800 கொடுத்தவள் நான், இவ சும்மா செய்கிறபடியால்தான் இப்படிச் சொல்கிறா என்று நினைத்தேன்.

பிறகு வேலை தொடங்கியது. ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு இரண்டரை மணித்தியாலம். மொழிபெயர்ப்புக்கு வவுனியா அக்கா ஒருவ. "யாழ்ப்பாண, வன்னித் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும்" என்று சொலிசிட்டரே கேட்டு எடுத்தாவாம். முதல் நாள் பிடிபட்டதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வெள்ளைத்தாளில் பென்சிலால் ஒரு மரம் கீறத் தொடங்கினா. அம்மா. அம்மாவின் சகோதரங்கள். அவர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவரையும் நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்று கேட்டுக் கேட்டு எழுதினா. பெட்டிகள் நிறைய நிறைய அந்த முகத்தில் முதல் தரமாக ஒரு மாற்றம்.

"உங்களுக்கு எத்தனை அண்ணா?"

எண்ணினேன். பெரியம்மாவின் மூன்று பேர், பெரியப்பாவின் இரண்டு பேர். பக்கத்து வீட்டு அண்ணாவைச் சேர்க்கவில்லை. "ஐந்து" என்றேன்.

"இதில் காணாமல் போனது எந்த அண்ணா?"

ஒன்றரை வருசத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அந்த மாடியில் இருந்த எங்கட அண்ணை, எங்கட பாசைக்காரர், கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவருக்கும் பெரியம்மாமார் இருந்திருப்பார்கள்தானே?

அதற்குப் பிறகு அவ தேடிய தாள்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்காக. என் அம்மாவினதும் பெரியம்மாவினதும் பிறப்புச் சான்றிதழ்: ஒரே தாய் தகப்பன். அண்ணாவுடையது: தாய், பெரியம்மா. 2009இல் எல்லாம் விட்டுவிட்டு ஓடிய சனத்திடம் மூலம் எங்கே இருக்கும்? பெரியம்மா, 71 வயது, பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் அலைந்து பிரதி எடுத்து அனுப்பினா. செஞ்சிலுவைச் சங்கத்திலும் காணாமல் போனோர் அலுவலகத்திலும் அவ பதிந்த துண்டுகளில் "மகன்" என்று இருந்தது. கொட்டிலில் பெரியம்மாவும் நானும் ஒரே படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற ஒரு புகைப்படம் என்னுடைய பழைய போனில் இருந்தது. திகதியோடு.

மாசத்துக்கு வருவோம். நான் முதலாவது ஒப்பீஸில் சொன்னது "கந்தசட்டி நேரம்" என்று. அண்ணை, கந்தசட்டி என்றால் ஐப்பசி, ஐப்பசி என்றால் ஒக்டோபர் என்று தட்டிவிட்டார். சொலிசிட்டர் கந்தசட்டி என்றால் என்ன என்று கேட்டா. சொன்னேன்: ஆறு நாள் விரதம், ஆறாம் நாள் சூரன்போர், என்னைக் கொண்டுபோனது விரதம் தொடங்கி மூன்றாம் நாள், வெறுவயிற்றோடு போனேன். அவ கணினியில் தேடினா. 2020இல் தீபாவளி நவம்பர் 14, சூரன்போர் நவம்பர் 20. இன்ரவியூவில் நான் சொன்ன மாசம் சரி. ஒரு கிறிஸ்தவப் பெண், முருகன் யார் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவ, பஞ்சாங்கம் பார்த்து என்னைக் காப்பாற்றினா என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். "அது முருகன்தான்" என்றா பெரியம்மா. சரி, பாதிப் பாதி.

முதுகில் இருக்கிற தழும்புக்கு மருத்துவ அறிக்கை எடுத்தார்கள். அந்தச் செலவும் லீகல் எயிட்தான். சித்திரவதைக் காயங்களை எப்படிப் பார்த்து எழுதுவது என்று ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. தழும்பு சொல்கிற சம்பவத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து படி வைத்து மருத்துவர் எழுதுவார். "ஒத்துப்போகிறது" என்பது ஒரு படி, "மிகவும் ஒத்துப்போகிறது" என்பது அதற்கு மேல். எனக்கு இரண்டாவது கிடைத்தது. இலங்கைத் தமிழர் ஒருவரின் தழும்பு, தானே ஆளை வைத்துப் போட்டதாக இருக்கலாம் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் கே.வி. என்ற வழக்கில் அவருக்குச் சார்பாக முடிந்தது என்றும் சொலிசிட்டர்தான் சொன்னா. கேஸுக்காகத் தானே தன் முதுகைச் சுடுவிக்கிற ஆட்களும் இருப்பார்களோ என்று யோசிக்கிற உலகத்தில்தான் நான் வாக்குமூலம் கொடுக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

என் விண்ணப்பம் 2022 ஜூன் 28க்கு முன்னையது. அதனால் சொன்னது உண்மையாக இருக்க நியாயமான சாத்தியம் இருந்தால் போதும் என்ற பழைய அளவுகோல். அந்தத் திகதியில் இருந்து கேட்டவர்கள் நடந்தது என்று சொல்லும் விசயத்தை இன்னும் கடுமையான அளவில் நிறுவ வேண்டும். இப்போது புதிதாக வருகிற தங்கச்சிமார் இதை மனதில் வையுங்கள். உங்கள் வாக்குமூலத்தில் இருக்கிற ஓட்டை எனக்கு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும்.

வாக்குமூலம் கடைசியில் 11 பக்கம் வந்தது. கையெழுத்து வைக்க முன் வவுனியா அக்கா ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தா. "பேசினவன்" வந்த இடத்தில் இந்தத் தரம் ஆங்கிலத்தில் "தூசணத்தால் ஏசினான்" என்று இருந்தது. இன்ரவியூவில் ஏன் வேறு மாதிரிப் போனது என்பதற்கு ஒரு முழுப் பந்தி. முதலாவது ஒப்பீஸ் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதற்கும் ஒரு பந்தி. எனக்கு அது கோள் சொல்வது மாதிரி இருந்தது. "வேண்டாம், எங்கட ஆள்" என்றேன். சொலிசிட்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. பந்தி அப்படியே இருந்தது.

2024 ஏப்ரலில் அப்பீல் கேட்கிற கோட், ரெய்லர் ஹவுஸ், ரோஸ்பெரி அவெனியூ. பெயரைப் பார்த்துக் கோட் என்றால் படத்தில் வருகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அலுவலகக் கட்டடம், நீல நாற்காலிகள், ஒரு தண்ணிப் போத்தல். நீதிபதி, ஹோம் ஒப்பீஸ் (உள்துறை அமைச்சு) சார்பில் ஒருவர், என் பரிஸ்ரர், மொழிபெயர்ப்பாளர், நான். இரண்டரை மணித்தியாலம். அந்தப் பக்கத்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அவர் உங்கள் பெரியம்மாவின் மகன் என்றால், முதல் நாளே ஏன் அப்படிச் சொல்லவில்லை?"

"அண்ணாவை அண்ணா எண்டுதானே சொல்லுவம்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்றார். பிறகு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார், அதில் "அண்ணா" என்ற சொல் அண்ணாவாகவே இருந்தது. இந்தத் தரம் அதைப் பிறதர் ஆக்கவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். பென்சில் மரம் அவர் கையில் இருந்த தாள்கட்டுக்குள் இருந்தது, ஒழுங்காகத் தட்டச்சு செய்து.

ஐந்து கிழமையில் தீர்ப்பு வந்தது. அப்பீல் அனுமதிக்கப்பட்டது. மறுபக்கம் மேன்முறையீட்டுக்குப் போகுமோ என்று அதற்குமேல் இரண்டு கிழமை பயந்தேன், போகவில்லை. ஜூலையில் ஐந்து வருச விசா. கொண்டாடவும் நேரமில்லை, அப்போதைய விதிப்படி அதிலிருந்து 28 நாளில் உதவிக் காசு நிற்கும். அரசு இடம் கொடுத்து வைத்திருந்த ஆட்கள் என்றால் அதற்குள் வீட்டையும் விட வேண்டியிருந்தது. எனக்குச் சித்தி மகள் இருந்தா. ஸ்கிரீனிங்கில் என்னோடு வரிசையில் நின்ற எரித்திரியப் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. பெட்டியோடு கவுன்சில் வாசலில் இருப்பதாக எனக்குப் போன் எடுத்தா.

இன்னொரு சின்ன விசயம், 2024இல் விசா கிடைத்த கன பேர் பயந்துபோய்க் கேட்டபடியால். ஐந்து வருசம் என்று கடிதம் சொன்னது, பி.ஆர்.பி. என்ற வதிவிட அட்டையில் 31 டிசெம்பர் 2024 என்று இருந்தது. விசா அன்றைக்கு முடியவில்லை, அட்டைதான் முடிந்தது; அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் இணையத்தில் இருக்கிற ஈ-விசா. இணையத்தில் கணக்குத் திறந்து வையுங்கள். இதற்கு 150 பவுண்ஸ் வாங்குகிற மாடிகளும் கிளம்பியிருக்கிறதாம். திறப்பதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது ஒப்பீஸுக்கு நாலு நட்சத்திரம். ஐந்து போட்டிருப்பேன், அந்த ஹீற்றரும் இடையில் விட்டுப்போன பெடியனும் ஒன்றைத் தின்றுவிட்டார்கள்.

போன மாசம் என் கோப்பை எடுக்கப் போனேன். சொலிசிட்டருக்கு வடை கொண்டுபோனேன். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அப்போதும் சிரிக்காமல் சொன்னா, வரவேற்பில் இருந்த பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கோப்புக்குள் அந்தப் பென்சில் தாளின் மூலமும் இருந்தது. என் பெயருக்கு மேல் ஐந்து பெட்டி, ஐந்திலும் ஆங்கில எழுத்தில் அண்ணா, அண்ணா, அண்ணா, அண்ணா, அண்ணா. நடுவில் உள்ளதைச் சுற்றி ஒரு வட்டம்.

போன் எண் கேட்டு எழுதாதேங்கோ. அரச தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். காலை ஒன்பதரைக்கு முன் அடியுங்கள், அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பத்தொன்பதாவது இடத்திலும் இல்லை என்றால் இருபதாவதுக்கு அடியுங்கள்.